மேசைக்கு எந்த எழுத்து?

கொஞ்சம் நீளமான பதிவு இது. கை வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் லிஸ்பனிலிருந்து என் தங்கை மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவள் மகளுக்கு ஏழு வயது. அங்கே போர்ச்சுகீசு பள்ளியில் இரண்டாம் வகுப்பு. சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தமிழ். படத்தில் இருந்தது குழந்தையின் சொல்லெழுதல் நோட்டு. "மேஸா" என்ற சொல்லில் எஸ் போட வேண்டிய இடத்தில் இசட் போட்டிருந்தாள். சிவப்பு மையில் ஒரு வட்டம். அதற்குக் கீழே ஆங்கில நோட்டின் படம்: டெலிபோன் என்பதற்கு எஃப் போட்டு எழுதியிருந்தாள். அதற்கு அம்மாவே வட்டம் போட்டிருக்கிறாள்!

"பெரியம்மா, ரெண்டு ஸ்பெல்லிங்கும் குழம்புது. இங்கிலீஷை இப்போதைக்கு நிறுத்திடலாமா? தமிழையும் கொஞ்ச நாள் விட்டுடலாமானு அவர் கேக்கறார்" என்று கேட்டிருந்தாள். "நிறுத்தாதே" என்று உடனே ஒரு வரி பதில் போட்டேன். முப்பத்து நாலு வருஷம் ஆங்கிலப் பாடம் எடுத்தவளிடம் ஒரு வரியோடு விட்டால் எப்படி? மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த "மேஸா". அது வேறு எதுவும் இல்லை, நம் வீட்டு மேசைதான். நாம் போர்ச்சுகீசியரிடமிருந்து வாங்கிக்கொண்ட சொல். சாவி, ஜன்னல், அலமாரி, துவாலை, பொத்தான், இஸ்திரி, வராந்தா, பேனா எல்லாம் அப்படித்தான். காசிமேட்டில் விடியற்காலையில் கூடை மீனை ஏலம் விடுகிறார்களே, அந்த ஏலமும் அவர்கள் சொல்லே. திருவொற்றியூர் பக்கம் தொழிற்சாலைக்குப் போனவர்கள் வாய்க்கு வாய் சொல்லும் மேஸ்திரியும் அவர்களுடையதுதான். லிஸ்பனில் அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் புதிதாக எழுதப் பழகுகிற சொற்களில் பாதியை அவள் பாட்டி ராயபுரத்தில் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறாள்.

குழந்தை ஏன் இசட் போட்டாள்? காதில் அப்படித்தான் கேட்கிறது. போர்ச்சுகீசில் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் அது இசட் போல அதிரும். அழுத்தமான "ஸ" வேண்டுமென்றால் இரண்டு எஸ் போட வேண்டும். சிறகுக்கு "ஆஸா", ஒரு எஸ், அதிரும். பிசைந்த மாவுக்கு "மாஸா", இரண்டு எஸ், அதிராது. இதைக் கேட்டதும் எனக்கு நம் "படம்", "பட்டம்" ஞாபகம் வந்தது. ஒற்றை "ட" நடுவில் வந்தால் மெலிகிறது, இரட்டித்தால் வலிக்கிறது. எழுத்து ஒன்றே, இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்த குழந்தைக்கு இந்த விதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. யாராவது எடுத்துச் சொன்னால் போதும். தமிழை நிறுத்தினால் இந்த வசதியும் போய்விடும்.

இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுகீசு புத்தகங்கள் பலவற்றில் மேசையை இசட் போட்டு அச்சடித்திருப்பார்கள். அந்த நாட்டில் 1911இல்தான் அரசு எழுத்துமுறையைச் சீர்திருத்தியது. அதற்கு முன் மருந்துக்கடைக்கு ஆங்கிலத்தைப் போலவே பி எச். 1911க்குப் பிறகு எஃப். டெலிபோனுக்கும் அப்படியே. ஆக, நம் குழந்தை செய்த தவறு இரண்டில், ஒன்று அவள் பள்ளிக்கூடத்துக்கு நூறு வருஷம் பிந்தியது. மற்றொன்று ஆங்கிலேயர்கள் செய்யத் தயங்கிய சீர்திருத்தம். அவளுக்கா குழப்பம்?

நம்மிடமும் இது நடந்திருக்கிறது. 1978க்கு முன் பள்ளிக்கு வந்தவர்களுக்குத் தெரியும், "லை", "ணை" எல்லாம் யானைத் தும்பிக்கை வளைத்தது போல் இருக்கும். பெரியார் 1935இலேயே குடி அரசில் புது எழுத்தைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார். அரசாணை வந்தது 1978இல், எம்.ஜி.ஆர். காலத்தில். நான் பழைய எழுத்தில் படித்து, புது எழுத்தில் கரும்பலகையில் எழுதினவள். முதல் ஒரு வருஷம் கை தானாகத் தும்பிக்கை போடும். முன் பெஞ்சுப் பிள்ளைகள் "டீச்சர் தப்பு" என்பார்கள்.

இப்போது ஆங்கிலத்துக்கு வருகிறேன். 2003இல் ஐரோப்பிய மொழிகள் பதின்மூன்றில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்க எப்படிப் பழகுகிறார்கள் என்று ஓர் ஆய்வு வெளிவந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்து பிலிப் சைமூர் முன்னின்று செய்தது. முதல் வகுப்பு முடிவில், பழகிய சொற்களில் 100க்கு எத்தனை சரியாக வாசித்தார்கள்? ஃபின்லாந்துப் பிள்ளைகள் 98. போர்ச்சுகீசு பிள்ளைகள் சுமார் 73. ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் சுமார் 34. ஸ்காட்லாந்துக் குழந்தைகள் ஐந்து வயதிலேயே பள்ளிக்குப் போகிறார்கள், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் இரண்டாம் வருஷ முடிவில்கூட அவர்கள் 76ஐத்தான் தொட்டார்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளின் கதி இது. குற்றம் பிள்ளைகளிடம் இல்லை, எழுத்திடம் இருக்கிறது. போர்ச்சுகீசும் யோக்கியம் என்று சொல்ல முடியாது. அங்கே எக்ஸ் என்ற ஓர் எழுத்துக்கு மட்டும் நாலு ஒலி. எச் எழுதுவார்கள், சொல்ல மாட்டார்கள். ஆனால் பெரும்பாலும் விதி உண்டு.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கூடுதலாக ஒரு கஷ்டம். இந்தப் பதிவைத் தமிழில் எழுதும்போதே எனக்கு அது வருகிறது பாருங்கள். பந்துக்கு வரும் எழுத்தும் "பி", பேனாவுக்கு வரும் எழுத்தும் "பி". நாய்க்கு வருவதும் "டி", புலிக்கு வருவதும் "டி". தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட வழியில்லை. "எந்த பி டீச்சர்? பால் பி-யா, பென் பி-யா?" என்று கேட்பீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கேள்வியைச் சேட்டை என்று நினைத்து அதட்டியிருக்கிறேன். அது சேட்டை இல்லை, நல்ல மொழியியல் கேள்வி. என்ஃபீல்டு கம்பெனியில் வேலை பார்த்தவர் மகன் ஒருவன், "புல்லட்டுக்கும் யூ, பல்புக்கும் யூ, ஏன் டீச்சர்?" என்று கேட்டான். "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்றேன். அன்று எனக்கும் பதில் தெரியாது.

பதில் தெரியாமல் அடித்தும் இருக்கிறேன். 1989 என்று நினைவு. பத்துச் சொல் டிக்டேஷன். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பையன், கடலைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டான். "ஐலண்டு" என்ற சொல்லுக்கு ஐ எல் ஏ என் டி என்று எழுதினான். நடுவில் எஸ் இல்லை. முந்தின நாள்தான் அதைப் பத்துத் தடவை எழுதச் சொல்லியிருந்தேன். ஸ்கேலால் கையில் இரண்டு போட்டேன், பெஞ்சு மேல் நிற்க வைத்தேன். "சொல்லாத எழுத்தை எதுக்கு டீச்சர் எழுதணும்?" என்றான். அதற்கு இன்னொன்று. ரொம்ப வருஷம் கழித்துத்தான் படித்தேன்: அந்தச் சொல்லில் எஸ் ஆதியில் கிடையவே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் எஸ் இல்லாமல்தான் எழுதினார்கள். பிரெஞ்சு வழியாக, லத்தீன் வேரிலிருந்து வந்த வேறொரு தீவுச் சொல்லைப் பார்த்து, சுமார் நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன் படித்தவர்கள் அதை நடுவில் சொருகிவிட்டார்கள். பெரிய மனிதர்கள் செய்த பிழைக்கு ஒரு மீனவப் பிள்ளை அடி வாங்கினான். அந்த வருஷமே அவன் படிப்பை விட்டான். என்னால்தானா என்று தெரியாது. அவன் இந்தக் குழுவில் இருக்கிறான். இதைப் படித்துக்கொண்டிருப்பான். என்னை மன்னித்துவிடு, தம்பி.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். போர்ச்சுகீசு பிள்ளைகள் எழுத்துப் பழகும் முதல் புத்தகத்துக்குக் "கார்ட்டில்யா" என்று பெயர். நம் அரிச்சுவடி போல. 1554இல் லிஸ்பனில் அப்படி ஒரு கார்ட்டில்யா அச்சானது. மொழி தமிழ், எழுத்து ரோமன். தமிழ்ச் சொற்களை அவர்கள் எழுத்தில் அச்சிட்டு, போர்ச்சுகீசு பொருளையும் கூடவே கொடுத்திருந்தார்கள். அதைச் செய்தவர்கள் வின்சென்ட் டி நசரேத், ஜார்ஜ் கார்வால்யோ, தோமா த குரூஸ் என்று ஞானஸ்நானப் பெயர் பெற்ற மூன்று தமிழர்கள். இந்தியாவில் அச்சுக்கூடம் வருவதற்கு முன்பே, அந்தக் குழந்தை இன்று படிக்கிற அதே ஊரில், தமிழுக்கு எந்த எழுத்துப் போடுவது என்று மூன்று பேர் மண்டையைப் போட்டு உடைத்திருக்கிறார்கள்.

"ழ"வுக்கு என்ன செய்வது? "ண"வுக்கு? அவரவர் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். எண்ணூருக்கு வடக்கே இருக்கிற பழவேற்காடு அவர்கள் வாயிலும் கையிலும் பட்டு பாலியகாட்டே ஆகி, கடைசியில் புலிகாட் ஆயிற்று. தூத்துக்குடியின் வாலில் ஒரு "ன்" எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? போர்ச்சுகீசியர்களுக்கு "இ"யில் முடியும் நம் சொற்களை மூக்கால் முடிக்கும் பழக்கம். எழுதும்போது கடைசியில் ஓர் எம் போடுவார்கள். அது அவர்களுக்கு மெய்யெழுத்து இல்லை, மூக்கொலியின் அடையாளம். ஆங்கிலேயன் அதைப் பார்த்து "ன்" என்று வாசித்தான். கொச்சி கொச்சின் ஆனது அப்படித்தான், தூத்துக்குடி டூட்டிகோரின் ஆனதும் அப்படித்தான். நம் "மந்திரி" மலாய்க்காரர்கள் வழியாகப் போர்ச்சுகீசியரிடம் போய், வாலில் மூக்கொலி ஒட்டி, சீன அதிகாரிக்கும் சீன மொழிக்கும் "மாண்டரின்" என்று பெயராக நின்றுவிட்டது. ஸ்பெல்லிங் பிழை என்றால் இதுவல்லவா பிழை! யாரையும் பெஞ்சு மேல் ஏற்றவில்லை.

அவர்களில் ஒருவர் மட்டும் தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பழகினார். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், நாம் அண்டிரிக் அடிகளார் என்று சொல்கிறவர். முத்துக்குளித்துறையில் இருந்து தமிழ் கற்று, போர்ச்சுகீசு மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சானது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான, நமக்குக் கிடைத்திருக்கிற முதல் புத்தகம் அதுதான்.

நம் சென்னைக் கதை அதற்கு அறுபது வருஷம் பின்னால் தொடங்குகிறது. 1639இல் ஆங்கிலேயர் வந்தபோது கடற்கரையில் எல்லோருக்கும் பொதுவாகப் புரிந்த ஐரோப்பிய மொழி போர்ச்சுகீசுதான். 1642இல் கோட்டைக்கு வந்த எஃப்ராயிம் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி ஒரு பள்ளி நடத்தினார். 1678இல் கம்பெனி ரால்ஃப் ஆர்ட் என்பவரை ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளத்தில் பள்ளி ஆசிரியராக அனுப்பியது. போர்ச்சுகீசியரோ இந்த ஊர்க்காரர்களோ பிள்ளைகளை அனுப்பினால் அவர்களுக்கும் இலவசமாகச் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு. 1698 சாசனத்தில் இன்னும் வேடிக்கை: இங்கே வரும் பாதிரியார்கள் ஒரு வருஷத்துக்குள் போர்ச்சுகீசு கற்றுக்கொள்ள வேண்டும் என்று விதி. ஆங்கிலக் கம்பெனி, மதராசில் வேலை பார்க்கப் போர்ச்சுகீசு! அந்தக் காலத்துச் சென்னைக் குழந்தைகளில் எத்தனையோ பேர் இரண்டு ஸ்பெல்லிங்குக்கும் நடுவில்தான் வளர்ந்திருப்பார்கள். லிஸ்பன் குழந்தை ஒன்றும் முதல் ஆள் இல்லை.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு போர்ச்சுகீசும் கற்றார், தமிழும் கற்றார். தமிழுக்கு அவர் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டிலேயே வந்து பள்ளி நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் ஆனா ஆவன்னா எழுதினார். வளர்ந்த ஜெர்மன்காரர், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில்!

அந்த மணல்தான் இந்தக் கதையின் நடுப்புள்ளி. எழும்பூர் ரயில் நிலையம் இருக்கும் பக்கத்தில் முன்பு ஒரு சிறு கோட்டை இருந்தது. 1789இல் அங்கே ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லம் ஒன்று தொடங்கினார்கள். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள். பொறுப்பாளர் டாக்டர் ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரைச் சேர்ந்த நாவிதர் மகன். ஆசிரியர்கள் சரியில்லை, பிள்ளைகளுக்கு ஏபிசிடி ஏறவில்லை. ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது வழியில் ஒரு தமிழ்ப் பள்ளியைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். நேரே திரும்பி வந்து தன் ஆசிரியர்களிடம் அதுபோலச் செய்யச் சொன்னார். அவர்கள் முடியாது என்று முறைத்துக்கொண்டார்கள். விடவில்லை மனிதர். ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். பெரியவர்களால் முடியாதது அந்தப் பையனால் முடிந்தது. பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பிள்ளையையே ஆசிரியராக வைத்தார்.

இதைக் கேட்டதும் உங்களுக்குச் சட்டாம்பிள்ளை நினைவு வர வேண்டும். திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவன் இளையவர்களுக்குப் பாடம் சொல்வது நமக்குப் பழைய வழக்கம். பெல் ஸ்பெல்லிங்கிலும் ஒரு மாற்றம் செய்தார். அதுவரை ஆங்கிலப் பள்ளிகளில் நீளமான சொல்லை எழுத்துக்கூட்டும்போது ஒவ்வோர் அசையையும் கூட்டி, மறுபடி முதலிலிருந்து சேர்த்துச் சொல்லி, அடுத்த அசை, மறுபடி முதலிலிருந்து என்று ஒரு சொல்லுக்கே ஒரு பாட்டுப் பாடுவார்கள். இவர் அந்தத் திரும்பச் சொல்லலை வெட்டினார். அசைகளைப் பிரித்துப் பழகு, ஒரு முறை கூட்டு, அடுத்ததற்குப் போ. நம் "க, கா, கி, கீ" வாய்ப்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு அசை அசையாகப் படிப்பது புதிதா என்ன!

1796இல் ஊர் திரும்பினார். மறு வருஷம் லண்டனில் புத்தகம் போட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் ஏறக்குறைய அதே முறையைக் கையில் எடுக்க, யார் முதலில் என்று பெரிய சண்டை நடந்தது. 1811இல் அங்கே தேசியக் கழகம் ஏற்பட்டு ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அது பரவியது. பெயர் என்ன தெரியுமா? மெட்ராஸ் முறை. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் மணல் தட்டில் ஆங்கில எழுத்துப் பழகினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் பெல் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர். முதல் வகுப்பில் 34 வாங்கிய பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த டண்டீ, அந்த ஊருக்குக் கூப்பிடு தூரம்.

பெருமைப்பட்டுக்கொண்டே போக எனக்கு மனமில்லை. அந்த மெட்ராஸ் முறை இங்கிலாந்தில் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடைத்து, ஓர் ஆசிரியர் சம்பளத்தில் வேலையை முடிக்கிற வழியாக மாறிப்போனது. இந்தப் பக்கம் நம் திண்ணைப் பள்ளியோ எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. தாமஸ் மன்றோ 1826இல் எழுதிய குறிப்பில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு இருக்கிறது. பெண் பிள்ளைகள் அதில் மிகமிகக் குறைவு. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணை ஏறவே இடமில்லை. மணல் எல்லோருக்கும் பொதுவாகக் கிடந்தது. அதில் எழுதும் உரிமை பொதுவாக இல்லை. எனக்கு முந்தின தலைமுறையில் எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்பார்கள். அந்தக் கோயிலை வைத்துத்தான் இராயபுரம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஆர் ஓ ஒய் ஏ, ஏன் ஓ? 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையத்தின் பலகையிலும் ஓ. 2020 ஜூனில் அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டது. தண்டையார்பேட்டைக்கு நீளமாக ஒரு ஸ்பெல்லிங். வேலூருக்கு இரண்டு இ போட்டு, ஆங்கிலம் தெரிந்தவன் "வீலூர்" என்று படிக்கிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். ஊரெல்லாம் சிரித்தது. சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1554இல் மூன்று பேர் பட்ட பாட்டை 2020இல் ஒரு குழுவே பட்டது. இதை ஏழு வயதுக் குழந்தை ஒரே இரவில் சரி செய்ய வேண்டும் என்றால் எப்படி?

தங்கை மகளுக்குப் போன் போட்டு இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். மூன்றில் எதையும் நிறுத்தாதே. தப்பாக எழுதினால் வட்டம் போடாதே, ஏன் அப்படி எழுதினாய் என்று கேள். காரணம் சொல்வாள், அந்தக் காரணம் அநேகமாகச் சரியாகவே இருக்கும். பிறகு, "இந்த மொழிக்காரர்கள் இப்படி எழுதுகிறார்கள்" என்று சொல். ஒரு தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதவிடு என்றேன். லிஸ்பனில் மணலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அடுக்குமாடி வீட்டுக்குள் கொட்டினால் மாப்பிள்ளை கோபிப்பார்.

நேற்று ஒரு வீடியோ வந்தது. குழந்தை தட்டில் "மேஸா" என்று எஸ் போட்டு எழுதுகிறாள், கலைக்கிறாள். கீழே "மேசை" என்று தமிழில் எழுதுகிறாள். "ரெண்டும் ஒண்ணா பாட்டி?" என்று கேட்கிறாள். பின்னாலிருந்து அவள் அம்மா குரல்: "பெரியம்மா, அரை கிலோ ரவை போச்சு!"

சலித்து உப்புமா கிண்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.